வி-1: விமானி இல்லாத குண்டு

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில் ஜெர்மனி லண்டன்மீது ஏவிய வி-1, விமானி இல்லாத சிறு ஜெட் விமானம். இன்றைய குரூஸ் ஏவுகணைகளுக்கு இதுவே முன்னோடி. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம்; எடை சுமார் 2,150 கிலோ. அதில் 850 கிலோ வெடிமருந்து. ஒரே தடவை பறந்து அழியப்போகும் பொருள் என்பதால் செலவைக் குறைப்பதே வடிவமைப்பாளர்களின் முதல் கவலை. அலுமினியத்தைத் தவிர்த்து, உடலை எஃகுத் தகட்டால் செய்தார்கள். ஆனால் இதன் மலிவில் வதைமுகாம் கைதிகளின் கூலியில்லா உழைப்பும் சேர்ந்திருந்தது.

முதுகில் பொருத்திய பல்ஸ்ஜெட் எஞ்சினில் சுழலும் பாகமே கிடையாது. நீண்ட குழாய் ஒன்று. அதன் முன்வாயில் மெல்லிய எஃகுப் பட்டைகளாலான வால்வுகள். காற்று உள்ளே புகுந்ததும் பெட்ரோல் பீச்சப்பட்டு வெடிக்கும். அந்த அழுத்தத்தில் பட்டைகள் மூடிக்கொள்ள, வாயு பின்பக்கமாகச் சீறி வெளியேறும். அழுத்தம் இறங்கியதும் பட்டைகள் திறந்து மறுபடி காற்று புகும். நொடிக்குச் சுமார் 50 முறை இது நடந்ததால்தான் தொலைவிலிருந்தே அதன் கடகட ஓசை கேட்டது. அரை மணி நேரத்தில் பட்டைகள் தேய்ந்துவிடும். அதற்குள் குண்டு லண்டனை எட்டிவிடும் என்பதால் அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

திசைக்குக் காந்த ஊசி, நிலை குலையாமலிருக்க ஜைரோஸ்கோப். தூரத்தை அளந்த விதம்தான் சாமர்த்தியம். மூக்கில் ஒரு சின்னக் காற்றாடி. அது சுற்றச் சுற்ற எண்ணி ஒன்று பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். பூஜ்ஜியம் வந்ததும் வால் சிறகு கீழ்நோக்கிப் பூட்டிக்கொள்ள, குண்டு தலைகுப்புறப் பாயும்.

1944 ஜூன் 13 அன்று தொடங்கிய இத்தாக்குதலில் லண்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் மணிக்கு 640 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும், வளையாமல் நேராகப் பறக்கும் பொருளைக் குறிவைப்பது எளிது. ரேடாரோடு இணைந்த பீரங்கிகள், இலக்கை நெருங்கினாலே வெடிக்கும் புதிய குண்டுகள் ஆகியவற்றைக் கடற்கரையில் நிறுத்தி, வந்தவற்றில் பெரும்பகுதியைப் பிரிட்டன் வீழ்த்தியது.

இன்னொரு பலவீனமும் உண்டு: ஏவியவர்களுக்குக் குண்டு விழுந்த இடம் உறுதியாகத் தெரியாது. அதற்கு அவர்கள் நம்பியிருந்த உளவாளிகளோ பிரிட்டனின் கையாட்கள். குண்டுகள் இலக்கைத் தாண்டி விழுவதாக அந்த உளவாளிகள் அனுப்பிய பொய்த் தகவல், தூரத்தைக் குறைத்து ஏவத் தூண்டியது.

கைப்பற்றிய உதிரிபாகங்களைக் கொண்டு அமெரிக்கா இதே குண்டை ஜேபி-2 என்ற பெயரில் நகலெடுத்தது. ஜப்பான்மீது ஏவத் தயாரித்த அவை, அதற்குள் போர் முடிந்துவிட்டதால் களம் காணவில்லை.