தேன்கூட்டுத் தலையன்!

'குச்சி ஒரு கிலோ 20 ஆயிரம் ரூபாய்!'

இப்படி யாராவது சொன்னால் என்ன நினைப்பீர்கள்? சந்தனக் குச்சியாக இருக்குமோ என்றுதானே? அதுதான் இல்லை குட்டீஸ்! இது ஒரு காளான். இமயமலைக் காடுகளில் தானாக முளைக்கும் காளான். இந்தியில் இதன் பெயர் 'குச்சி'. ஆங்கிலத்தில் 'மோரல்' என்கிறார்கள். விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'மார்ச்செல்லா'. இதன் தலையைப் பார்த்தால் தேன்கூட்டைப் பிய்த்து ஒரு காம்பின் மேல் ஒட்டி வைத்தது போலவே இருக்கும். அதனால் நாம் 'தேன்கூட்டுத் தலையன்' என்று செல்லப் பெயர் வைத்துக் கொள்வோம்.

இமாச்சலப் பிரதேசத்தில் குலு, சம்பா, சிம்லா பக்கம் உள்ள மலைக்காடுகள், காஷ்மீர், உத்தரகாண்ட்... இவைதான் தேன்கூட்டுத் தலையனின் சொந்த ஊர்கள். குளிர்காலம் முடிந்து பனி உருகும்போது, தேவதாரு மரங்களின் அடியில் ஈர மண்ணைத் தள்ளிக்கொண்டு மெல்லத் தலை காட்டுவார். மார்ச் கடைசியில் இருந்து மே மாதம் வரைதான் தரிசனம். அப்புறம் அடுத்த வருடம்தான்!

உயரம் என்னவோ உங்கள் உள்ளங்கை அளவுதான். பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று காய்ந்த இலைச்சருகின் நிறத்திலேயே இருப்பதால், காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. போன வருடம் முளைத்த இடத்தில் இந்த வருடமும் முளைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால், பருவம் வந்துவிட்டால் மலைக் கிராமங்களில் வீட்டோடு கிளம்பி விடுகிறார்கள். நாள் முழுவதும் மலை ஏறி இறங்கினாலும் சில சமயம் ஒரு கைப்பிடிதான் கிடைக்கும்.

கிடைத்ததை ஊசி நூலில் மாலையாகக் கோத்துக் காய வைப்பார்கள். காளானில் பெரும் பகுதி தண்ணீர்தான். 10 கிலோ பச்சைக் காளான் காய்ந்தால் கிட்டத்தட்ட 1 கிலோதான் மிஞ்சும். இப்போது விலை ஏன் இப்படி என்று புரிகிறதா? வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கினாலும், பத்தாயிரக் கணக்கில்தான் பேச்சு. சின்னச் சின்ன வயல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த இரண்டு மாத வருமானம் பெரிய உதவி. இந்தக் குச்சியைப் போட்டுச் செய்யும் புலாவ், பெரிய விருந்துகளில் பரிமாறப்படும் ராஜ உணவு.

நம் ஊரில் 'இடி இடித்தால் காளான் முளைக்கும்' என்று தாத்தா பாட்டிகள் சொல்வார்கள் அல்லவா? இமாச்சல மலைக்காரர்களும் குச்சியைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள்! இடியோடு மழையும் வருவதால் சொன்னார்களோ என்னவோ. ஆனால், ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஷிட்டாகே என்ற வேறு வகைக் காளான் வளரும் கட்டைகளில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். விளைச்சல் கூடியது! பாட்டி சொல்லைத் தட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

போலி வேடதாரி!

இவ்வளவு விலை மதிப்புள்ள ஆளுக்குப் போலி இல்லாமல் இருக்குமா? இருக்கிறார். அதுவும் பயங்கரமான போலி. 'பொய் மோரல்' என்றே அவருக்குப் பெயர். ஐரோப்பா, அமெரிக்கக் காடுகளில் உண்மையான மோரல் முளைக்கும் அதே வசந்த காலத்தில் இவரும் முளைப்பார். இவருடைய அறிவியல் பெயர் 'கைரோமித்ரா எஸ்குலெண்டா'. லத்தீன் மொழியில் 'எஸ்குலெண்டா' என்றால் 'உண்ணத் தகுந்தது' என்று அர்த்தம். விஷக் காளானுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்!

இதில் உள்ள நச்சு வயிற்றுக்குள் போனதும் 'மோனோமெத்தில் ஹைட்ரசீன்' என்ற பொருளாக மாறுகிறது. பெயர் வாயில் நுழையவில்லையா? விண்வெளி விஞ்ஞானிகளுக்கு இது நன்றாகவே தெரிந்த பெயர். நம் நாட்டு பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்கில் நிரப்பும் எரிபொருள் இதுதான்! ராக்கெட்டில் இருக்க வேண்டியது வயிற்றில் இருந்தால் என்ன ஆகும்? வாந்தி, தலைசுற்றல், கல்லீரல் பாதிப்பு... உயிரே கூடப் போகலாம். சமைக்கும்போது வரும் ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆபத்து. இன்னொரு சங்கடம், சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் உடம்பு வேலையைக் காட்ட ஆரம்பிக்கும். அதனால், 'கொஞ்சமாகத் தின்று பார்க்கலாம், ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்ல காளான்' என்ற கணக்கு இங்கே பலிக்காது.

இத்தனைக்கும் பின்லாந்து நாட்டில் இதை இரண்டு முறை தண்ணீர் மாற்றி வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். கடையில் விற்கும்போது எச்சரிக்கைத் தாளையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அப்படி என்ன ருசியோ!

கத்தி சொல்லும் உண்மை

அனுபவசாலிகள் இரண்டையும் எப்படிப் பிரித்து அறிகிறார்கள்?

முதலில் தலையைப் பார்ப்பார்கள். நிஜக் குச்சியின் தலையில் தேன்கூடு போலக் குழி குழியாக இருக்கும். குழிகளுக்கு நடுவே வரப்பு போன்ற மேடுகள் ஓடும். பொய் மோரலின் தலையில் குழிகள் கிடையாது. அறிவியல் புத்தகத்தில் மூளையின் படம் பார்த்திருப்பீர்களே, அது போல மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, செம்பழுப்பாக இருக்கும்.

ஆனால், சருகில் நசுங்கியோ, வயதாகி வாடியோ இருந்தால் தலையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அதற்குத்தான் கத்தி! காளானை உச்சியில் இருந்து அடி வரை நெடுக இரண்டாகப் பிளப்பார்கள். நிஜக் குச்சி என்றால், தலையில் இருந்து காம்பின் அடி வரை உள்ளே ஒன்றுமே இருக்காது. ஒரே வெற்றிடம்! தலையும் காம்பும் ஒரே அச்சில் வார்த்த பொம்மை போல ஒட்டி இருக்கும். பொய் மோரலைப் பிளந்தால், உள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருக்கும்.

மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார். பெயர் 'வெர்பா'. இவருடைய தொப்பி, விரல் நுனியில் மாட்டிய தையல்காரரின் விரலுறை போல உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டு, ஓரங்கள் தனியாகத் தொங்கும். காம்பைப் பிளந்தால் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்திருக்கும். இவரையும் ஒதுக்கி விடுவதே நல்லது.

'விஷக் காளானைப் போட்டால் வெள்ளி ஸ்பூன் கறுத்துவிடும்', 'பூச்சி கடித்த காளானை மனிதனும் சாப்பிடலாம்' என்றெல்லாம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் தவறு. ஸ்பூனுக்கு விஷம் தெரியாது. பூச்சியின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. இந்தப் பிளந்து பார்க்கும் வித்தை கூட மோரல் இனத்துக்கு மட்டும்தான். நம் ஊர் மழைக்காலத்தில் தோட்டத்திலும் குப்பை மேட்டிலும் முளைக்கும் குடைக் காளான்களுக்கு இது உதவாது. அவற்றைத் தூரத்தில் நின்று படம் வரையலாம், பறிக்கக் கூடாது!

நிஜக் குச்சியே ஆனாலும் பச்சையாகச் சாப்பிட்டால் வம்புதான். 2023-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓர் உணவகத்தில் மோரலைச் சரியாக வேக வைக்காமல் பரிமாறினார்கள். சாப்பிட்டவர்களில் 51 பேருக்கு உடல்நலம் கெட்டது. 2 பேர் இறந்து போனார்கள். இமயமலைக்காரர்கள் காய வைத்து, ஊற வைத்து, கழுவி, நன்றாக வேக வைக்கிறார்கள். குழிகளில் மண்ணும் பூச்சியும் ஒளிந்திருக்கும் என்பதால் கழுவுவதற்கே நேரம் பிடிக்கும்.

'அவ்வளவு விலை என்றால், கடைகளில் விற்கும் மொட்டுக்காளான் போல இதையும் வளர்க்க வேண்டியதுதானே?' என்று கேட்கிறீர்களா? முயற்சி செய்யாமல் இல்லை. நாம் பறிக்கும் காளான், மாமரத்தில் மாங்காய் போலத்தான். 'மரம்' மண்ணுக்குள்ளே வெள்ளை நூலாகப் பரவிக் கிடக்கிறது. அந்த நூல் எப்போது காளான் விடும் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அமெரிக்காவில் காட்டுத்தீ எரிந்த இடங்களில் மறு வசந்தத்தில் சில வகை மோரல்கள் கூட்டம் கூட்டமாக முளைக்கும். சும்மா இருக்கும் காட்டில் தேடினாலும் கிடைக்காது! 1982-இல் அமெரிக்காவில் முதன்முறையாக அறைக்குள் வளர்த்துக் காட்டினார்கள். சீனாவில் இப்போது வயலிலேயே பயிரிடுகிறார்கள். நம் நாட்டில், இமாச்சலத்தின் சோலன் நகரில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்குநரகம் 2021-இல் குச்சியைச் செயற்கையாக வளர்த்து வெற்றி கண்டதாக அறிவித்தது.

ஆனாலும் பனி உருகினால் மலைக்காரர்கள் கூடையோடு காட்டுக்குக் கிளம்புவது நிற்கவில்லை. எப்படித் தேடுவது, எப்படிக் காய வைப்பது என்று கேட்டால் எல்லாம் சொல்லித் தருவார்கள். எந்த மரத்தடியில் கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. அது பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாத ரகசியம்!