உங்களுக்குத் தெரியுமா? டிவிடி டிரைவ் சாகவில்லை!

கணினியை எளிய தமிழில் விளக்கிய சுஜாதா வளர்ந்த ஊர் ஸ்ரீரங்கம். அங்கே உத்தர வீதியில் ஒரு வீட்டில் கல்யாண டிவிடியைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தோம். முந்தின நாள்தான் விண்டோஸில் சிஸ்டம் ரீஸ்டோர் செய்திருந்தார்கள். தட்டு வெளியே வந்தது, உள்ளே போனது, பச்சை விளக்கும் மினுக்கியது. ஆனால் மை கம்ப்யூட்டரில் டிரைவையே காணோம். திருச்சியில் ஒரு கடையில் ‘டிரைவ் போச்சு, புதுசு வாங்குங்க’ என்று சொல்லிவிட்டார்களாம்.

போகவில்லை! தட்டு நகர்கிறது என்றால் மின்சாரம் வருகிறது. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், உள்ளே ‘கோடு 39’ என்ற பிழை எண். சிடி எழுதும் மென்பொருள்கள் டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே ஒரு ‘ஃபில்டர்’ டிரைவரைச் செருகி வைக்கும். ரீஸ்டோரில் அந்தக் கோப்பு போய், ரிஜிஸ்ட்ரியில் அதன் பெயர் மட்டும் தங்கிவிட்டால், இல்லாத கோப்பைத் தேடி விண்டோஸ் டிரைவைத் திறக்காமல் விட்டுவிடும். கோடு 19, 31, 32, 41 வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் கண்ட்ரோல், அதற்குள் கிளாஸ், அதற்குள் 4டி36இ965 என்று தொடங்கும் பகுதிக்குப் போங்கள். அதை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். இதை மட்டும் தவறவிடவே கூடாது. பிறகு அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிடி எழுதும் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டிவரலாம்.

எங்களுக்கு டிரைவ் திரும்பி வந்தது. உங்களுக்கும் வந்தால், முதல் வேலையாகக் கல்யாண டிவிடியை ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள்.