உங்களுக்குத் தெரியுமா? மனையில் பெய்யும் மழை யார் பொறுப்பு?

◆ ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், 1 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 2,230 லிட்டர். மண்தரை என்றால் அதில் ஒரு பங்கை மண் குடித்துவிடும். மொட்டை மாடியும் சுற்றிலும் சிமென்ட் தளமுமாக இருந்தால் ஏறக்குறைய முழுவதும் சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடும். நான்கு மனைத் தண்ணீர் ஒரே நேரத்தில் வந்தால் தெருக் கால்வாய் திணறாமல் என்ன செய்யும்?

◆ இதற்குச் சிங்கப்பூர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2014 முதல், 0.2 ஹெக்டேர் (சுமார் அரை ஏக்கர்) அல்லது அதற்கு மேற்பட்ட இடத்தில் கட்டுபவர்கள், மழைநீரைத் தங்கள் வளாகத்திலேயே தேக்கி மெதுவாக விடவேண்டும். சொட்டு விடாமல் ஓடவிடும் தளத்துக்கு ஓட்டக் குணகம் 1 என்றால், இவர்களுக்கு அனுமதி 0.55 வரைதான். பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருமழைக்கும் இதே அளவுகோல்.

◆ இந்த விதிக்கு முன்னதாக, 2010-இல் அங்கே ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பிறகு அரசு தன் பங்குக்கு, தாவரவியல் பூங்காவின் பேருந்து நிறுத்துமிடத்துக்கு அடியில் 3.8 கோடி லிட்டர் பிடிக்கும் தொட்டியைக் கட்டி 2018-இல் முடித்தது. மழை விட்டதும் தண்ணீரைப் பம்ப் மூலம் கால்வாய்க்கு ஏற்றிவிடுவார்கள்.

◆ அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பழைய பகுதிகளில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய். பெருமழையில் இரண்டும் கலந்து ஆற்றில் வழியும். அதனால் 15,000 சதுர அடிக்கு மேல் நிலத்தைக் கிளறிக் கட்டுபவர், தளங்களில் விழும் முதல் ஒன்றரை அங்குல மழையைத் தாமே கையாள வேண்டும். வணிக வளாகங்களுக்கு, சிமென்ட், தார் போட்ட பரப்பைப் பொறுத்து மழைநீர்க் கட்டணமும் உண்டு.

◆ வீட்டு முற்றத்தில் 'மழைத் தோட்டம்' போடும் வழக்கம் 1990-களில் மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் பிரபலமானது. தரையைவிடச் சற்றே தாழ்ந்த பாத்தி, நீர் இறங்கும் மணல் கலந்த மண், ஈரமும் காய்ச்சலும் தாங்கும் செடிகள், அவ்வளவுதான். அங்கே ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு வீடு 300 முதல் 400 சதுர அடியில் அமைத்தார்கள்.

◆ கொசு வராதா? முட்டை கொசுவாகப் பறக்கச் சுமார் ஒரு வாரமாவது ஆகும். சரியாக அமைத்த பாத்தியில் இரண்டு நாளுக்குள் தண்ணீர் வற்றிவிடும்.

◆ தமிழ்நாட்டில் 2003-இலேயே புதிய, பழைய கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. மாடிக் குழாய் இருக்கிறது. அது இறங்கும் உறிஞ்சுகுழிதான் பல வீடுகளில் சருகும் சேறும் அடைத்துக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் மேல்மணலை அள்ளி எடுத்துவிட்டுப் புது மணல் நிரப்பினால், சட்டத்துக்குக் கட்டிய குழி தண்ணீருக்கும் உதவும்.