வாசலைத் தாண்ட வேண்டியதில்லை

பேரங்காடியில் ஒருவர் மைலோ பொட்டலத்தை எடுத்துத் தள்ளுவண்டியில் போடுகிறார். இன்னொருவர் அதையே கைப்பைக்குள் செருகிக்கொள்கிறார். இருவருமே இன்னும் கல்லாவுக்கு வரவில்லை. வெளியே போனால்தானே திருட்டு என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம்.

மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 378ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதற்காக அசைத்தாலே திருட்டு முடிந்துவிடுகிறது. மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியே நமக்கு வந்த பிரிவு இது. கூடவே வந்த எடுத்துக்காட்டு ஒன்று சுவையானது. சட்டைப்பையில் தீனி வைத்து அடுத்தவர் நாயை ஒருவன் மயக்குகிறான். களவாடும் எண்ணம் இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய கணமே அவன் திருடன்!

ஆக, வழக்கின் பாரமெல்லாம் எண்ணத்தின் மேல்தான் விழுகிறது. மனதுக்குள் எட்டிப்பார்க்க நீதிமன்றத்தால் முடியாது, கைகளைத்தான் பார்க்கும். விலைச்சீட்டைக் கிழித்தாரா, துணிக்குள் மறைத்தாரா, மற்ற சாமானுக்குக் காசு கட்டிவிட்டு இதை மட்டும் காட்டாமல் கல்லாவைக் கடந்தாரா? குழந்தையின் தள்ளுவண்டிக்கு அடியில் மறந்து கிடந்த பால்மாவு வேறு கதை. கேமராப் பதிவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம் என்பதுதான் சங்கடம்.

அதனால்தான் அரசுத் தரப்பு ஒவ்வொரு கூறையும் தனித்தனியாக நிறுவ வேண்டும்: பொருள் அந்தக் கடையுடையது, சம்மதம் இல்லை, அசைத்தவர் இவர்தான், எண்ணம் கெட்டது. மறுக்கப்படாவிட்டால் தண்டிக்கப் போதுமான, நம்பத்தக்க சாட்சியம் வேண்டும். பாலச்சந்திரன் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் விளக்கிய அளவுகோல் இது. ஒரு கூறு விழுந்தாலும் எதிர்வாதத்துக்கு அழைக்காமலே விடுதலைதான்.

குற்றப்பத்திரிகையில் நாள், இடம், பொருள் எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் விலையைத் தவறாக எழுதிவிட்டார்கள், தப்பித்தோம் என்று யாரும் மகிழ வேண்டாம்; குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குழப்பாத பிழை வழக்கைக் கவிழ்க்காது. எந்தப் பிரிவு என்பதுதான் முக்கியம். 379 என்றால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருள் வைத்துக் காக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று 380இல் போட்டால் சிறை 10 ஆண்டு வரை போகும். கடையும் அப்படியொரு கட்டடம்தானே!

இத்தனை சட்டமும் விசாரணை நடந்தால்தான். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும், வழக்கறிஞர் இல்லாமல், சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று தலையாட்டிவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் தகுதியுள்ள மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது, கேட்டால்தான் கிடைக்கும். தலையாட்டினாலும், ஒப்புதலின் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிந்ததா, நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொள்கிறாரா என்று மஜிஸ்திரேட் உறுதிசெய்தாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. "எடுத்தது நான்தான் புவான், ஆனா காசு கட்ட மறந்துட்டேன்" என்று ஒருவர் தமிழில் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் அந்த 'ஆனா'வை விழுங்கிவிடக் கூடாது. அது காதில் விழுந்துவிட்டால் அதைக் குற்ற ஒப்புதலாகப் பதிய முடியாது. வழக்கு விசாரணைக்குத்தான் போக வேண்டும்.