பழைய மரத்தளத்தைப் பாதுகாப்பது எப்படி?

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளில் பழைய வீடுகளில் வசிக்கும் நம் குடும்பங்கள் சிலவற்றில் மாடி வராந்தா இன்னும் பலகைத் தளமாகவே உள்ளது. மழைக்காலம் முடிந்ததும் அது கறுத்து, சொரசொரப்பாகி, ஓரங்களில் பாசி பிடித்து நிற்கும். உடனே ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிடுகிறோம். அடுத்த ஆண்டு வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து, அடியில் மரம் மக்கத் தொடங்குகிறது. கடைசியில் பலகையைப் பிடுங்கிவிட்டு டைல்ஸ் போடலாம் என்ற முடிவுக்கு வருகிறோம். முதிர்ந்த தேக்கும் ஆஞ்சிலியும் இன்று வாங்கக் கட்டுபடியாகுமா?

ரயில்வேயில் மர ஸ்லீப்பர்கள் புழங்கிய காலத்தில், அவற்றைக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றுவதற்கு முன் மாதக்கணக்கில் காற்றாட அடுக்கி உலர்த்துவது வழக்கம். ஈர மரத்துக்குள் எண்ணெய் இறங்காது. வீட்டுக்கும் இதே விதிதான். (கிரியோசோட் நச்சுப்பொருள், வீட்டில் பயன்படுத்தக் கூடாது.) மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்க வைக்கும் பூஞ்சை வளராது. ஈரத்தை உள்ளே வைத்து மேலே வார்னிஷால் மூடினால், பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

துலாவர்ஷம் ஓய்ந்த பின், ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். வாடகை வீடானால் உரிமையாளரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். செய்யவேண்டிய முறை இது:

1. சோதனை: ஸ்குரூ டிரைவரால் பலகைகளைக் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் அந்தப் பலகையை மாற்ற வேண்டும். தாங்கும் உத்திரங்கள் வெட்டுக்கல் சுவருக்குள் நுழையும் இடத்தை முக்கியமாகப் பாருங்கள். முதலில் மக்குவது அங்கேதான். அங்கே பழுது இருந்தால் யாரையும் மேலே நடக்க விடாமல், அனுபவமுள்ள ஆசாரியை அழையுங்கள். துருப்பிடித்த ஆணிகளுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள். காயல் காற்றில் சாதாரண இரும்பு நிலைக்காது.

2. சுத்தம்: சோப்பு நீரும் பிரஷும் கொண்டு ரேகையின் போக்கிலேயே தேய்த்துக் கழுவுங்கள். பலகை இடுக்குகளில் அடைத்த மண்ணை எடுத்துவிட்டால்தான் நீர் வடியும்.

3. உலர்த்தல்: குறைந்தது ஐந்தாறு நாள் நல்ல வெயில் வேண்டும். பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் நீர் துளிர்த்திருந்தால் இன்னும் காயவேண்டும்.

4. தேய்த்தல்: முதலில் 80, பிறகு 120 எண் உப்புத்தாள். பழைய பெயிண்ட் இருந்தால் கவனம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடும் வரம்பு வந்தது 2017-ல்தான். எனவே உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, மீண்டும் காயவிடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடாதீர்கள்.

5. எண்ணெய்: கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து முதல் கோட். கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். தடிப்பாக விட்டால் நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த வெளிப்புற மர எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு நாள் இடைவெளியில் அடுத்த கோட். வெட்டு முனைகள் அதிகம் நீர் உறிஞ்சும்; அவற்றுக்கு ஒரு கோட் கூடுதலாகக் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால், தானாகவே சூடேறித் தீப்பற்றும். திறந்த வெளியில் விரித்து முழுக்க உலர்த்துங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

கேரளப் படகு கட்டுவோர் மீன் எண்ணெயும் முந்திரித்தோட்டு எண்ணெயும் பூசி மரத்தைக் காத்து வந்தவர்கள். முன்னதன் வாடை வீட்டுக்கு ஒத்துவராது. பின்னது தோலைப் புண்ணாக்கும். ஆனாலும் மரத்துக்குள் ஊறும் எண்ணெயே நிலைக்கும் என்ற அவர்கள் அறிவு நமக்கும் பொருந்தும்.

ஆண்டுதோறும் மழைக்கு முன், மே மாதத்தில், தளத்தில் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் கவலையில்லை. உடனே உறிஞ்சினால் ஒரு கோட் எண்ணெய் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் தலைமுறை கண்ட பலகை பிழைத்துக்கொள்ளும்.