வெளிச்சம் பட்டு வீங்கும் கட்டி

இரத்தத்தின் சிவப்பும் இலையின் பச்சையும் ஒரே குடும்பம். இரண்டிலும் இருப்பது பார்ஃபிரின் வகை வளையம். நடுவில் இரும்பு அமர்ந்தால் ஹீம், மக்னீசியம் அமர்ந்தால் பச்சையம். படைத்தவனின் இந்தச் சிக்கனத்தை நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது.

உலோகம் இல்லாத வளையமோ உடலுக்குள் போனால் வெயிலில் உக்கிரம் கொள்ளும். 1912-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ் அத்தகைய வளையமான ஹெமட்டோபார்ஃபிரினை 200 மில்லிகிராம் அளவில் தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கிப்போனது. அந்த உக்கிரத்தைப் புற்றுநோயின் மீது திருப்பினார்கள். 1970-களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் நிறுவனத்தின் தாமஸ் டாகர்ட்டி, பார்ஃபிரின் ஏற்றிய எலிகளின் கட்டிகளில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அவற்றை அழித்தார்.

புற்றுக்கட்டி வடிகால் தூர்ந்த வயலைப் போன்றது. அவசரமாக முளைத்த அதன் இரத்தக்குழாய்கள் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்த நீரை வெளியேற்ற உள்ளே ஒழுங்கான நிணநீர்க் குழாய்கள் கிடையாது. அழுத்தம் ஏற ஏற, இரத்தத்தில் வரும் மருந்துகூட ஆழத்துக்குப் போக முடியாமல் திணறும்.

பார்ஃபிரின் ஏற்றிய அந்தக் கட்டிக்குள் 630 நானோமீட்டர் அலைநீள ஒளி இறங்குகிறது. அதை வாங்கிய பார்ஃபிரின் அருகிலுள்ள ஆக்சிஜனுக்கு ஆற்றலைக் கைமாற்ற, சிங்லெட் ஆக்சிஜன் என்ற வீரியமிக்க வடிவம் பிறக்கிறது. அதன் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் இல்லை. ஒரு செல்லின் அகலத்தைக்கூட அது கடப்பதில்லை. பிறந்த இடத்திலேயே சுட்டுவிட்டு முடிந்துபோகிறது. எத்தனை நுட்பமான வரம்பு!

சூடுபட்ட இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் சுருங்கி இடைவெளி விடுகின்றன. பிளாஸ்மா வெளியே பாய, கட்டி சில மணி நேரத்தில் வீங்குகிறது. அதே நேரத்தில் தட்டணுக்கள் திரண்டு குழாயை அடைக்கின்றன. இரத்தமும் ஆக்சிஜனும் நின்ற கட்டி ஓரிரு நாளில் கருத்துப் பொருக்காகிறது. விலங்குச் சோதனைகளில் ஒளியையும் ஒளியேற்கும் மருந்தையும் வெகுவாகக் குறைத்தபோது, குழாய் அடைபடாமல் கசிவு மட்டும் கூடி, தனியாகச் செலுத்திய புற்றுமருந்து கட்டிக்குள் அதிகமாகச் சேர்ந்ததும் உண்டு.

இந்த வீக்கத்தை வெறும் சேதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடல் அதைக் காயத்தின் அழைப்பாகவே கேட்கிறது. வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. நோயெதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளில் இதே சிகிச்சைக்குப் பின் கட்டி மறைந்தாலும் மீண்டும் முளைத்தது. ஆரோக்கியமான எலியின் எலும்பு மஜ்ஜையை அவற்றுக்குக் கொடுத்துச் சிகிச்சை செய்தபோது, பல எலிகளில் கட்டி திரும்பவில்லை.