யட்சியின் தலையில் இறங்கிய ஆணி: அதீத சக்தித் தொடர்கள் நம்மைக் கட்டிப்போடுவது எப்படி?

திருவனந்தபுரம்: நள்ளிரவு. காட்டுப் பாதை. தனியே நடந்து வரும் பாதிரியாரிடம் அழகிய பெண்ணொருத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறாள். அவள் யட்சி என்பது அவருக்குத் தெரியும். அவர் கையில் இரும்பு ஆணி இருப்பது அவளுக்குத் தெரியாது. இந்த இடத்தில் காட்சியை நிறுத்தி ‘தொடரும்’ என்று போட்டால், பார்த்துக்கொண்டிருப்பவர் அடுத்த பகுதியைத் தவறவிடுவாரா?

கேரளத்தில் தவறவிட்டவர்கள் குறைவு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏசியாநெட் தொலைக்காட்சியில், 2004ஆம் ஆண்டு ‘கடமற்றத்து கத்தனார்’ என்ற தொடர் ஒளிபரப்பானது. கத்தனார் என்பது கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவப் பாதிரியாரைக் குறிக்கும் சொல். மலைவாழ் மக்களிடம் மாந்திரீகம் கற்றுவந்ததாக நம்பப்படும் பாதிரியாராகப் பிரகாஷ் பால் நடித்தார். கள்ளியங்காட்டு நீலியாக, தமிழ்த் திரையுலகுக்கு நன்கு அறிமுகமான சுகன்யா நடித்தார். அத்தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிரகாஷ் பால் இன்றும் கத்தனார்தான்.

தமிழர்களுக்கும் சொந்தமான கதை

இக்கதை தொலைக்காட்சிக்காகப் பிறந்ததன்று. கொட்டாரத்தில் சங்குண்ணி மலையாளத்தில் தொகுத்த ‘ஐதிகமாலை’யில் இது உள்ளது. அதில் யட்சி வழிமறிக்கும் இடம் பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட பாதையாகும். பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் நீலி கதையை விடிய விடியப் பாடி வந்துள்ளனர். வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரிலும் ஒரு நீலி உண்டு. ‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல் நமக்குக் கிடைத்தது அவளால்தான்.

ஐதிகமாலைக் கதையில் கத்தனார் யட்சியின் தலையில் ஆணி அறைகிறார். உடனே அவள் சாதாரணப் பெண்ணாகி அவருடன் நடக்கிறாள். பின்னர் காயங்குளத்தில் ஒரு மூதாட்டி அவளுக்குத் தலைவாரும்போது ஆணி தட்டுப்படுகிறது. அதைப் பிடுங்கியதும் யட்சி பழைய சக்தியோடு மறைகிறாள். அதீத சக்தித் தொடர் ஒன்றுக்குத் தேவையான இயந்திரம் முழுவதும் இந்த ஓர் ஆணியில் அடங்கியிருக்கிறது.

சக்தியல்ல, அதன் வரம்பே தூண்டில்

எதையும் செய்யக்கூடிய ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் கவலைப்பட முடியாது. ஆனால் அவருடைய சக்தி எங்கே முடங்கும் என்பதைப் பார்வையாளர் அறிந்திருந்தால், ஒவ்வொரு காட்சியும் கவலைக்குரியதாகிவிடும். ஆணி எப்போது பிடுங்கப்படும், யார் பிடுங்குவார் என்ற கேள்வியைக் கதை தொங்கலில் வைத்திருக்க முடியும்.

இத்தகைய தொடர்களில் பொதுவாக இரண்டு இழைகள் ஓடும். ஒன்று அன்றைய சிக்கல். அது அன்றே தீர்ந்து, பார்த்ததற்கான நிறைவைத் தந்துவிடும். மற்றொன்று தீராத பகை அல்லது இரகசியம். தூர்தர்ஷனில் 1997 முதல் 2005 வரை ஒளிபரப்பான ‘சக்திமான்’ இதற்குச் சரியான சான்று. வாரந்தோறும் ஏதோ ஒரு தீயவன் வீழ்வான். இருளின் அரசன் தம்ராஜ் கில்விஷ் மட்டும் இருந்துகொண்டே இருப்பான். கண்ணாடி அணிந்த அப்பாவிப் பத்திரிகையாளர் கங்காதர்தான் சக்திமான் என்பது பார்க்கும் சிறுவனுக்குத் தெரியும். கதையில் உள்ளோருக்குத் தெரியாது. அந்த இரகசியத்தில் தானும் ஒரு பங்காளி என்ற பெருமிதம் சிறுவனை அடுத்த வாரமும் தொலைக்காட்சி முன் உட்கார வைக்கும். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ‘ஹீரோஸ்’ தொடரும் இதே உத்தியைத்தான் பல பாத்திரங்களுக்குப் பகிர்ந்தளித்தது.

முடியாத செயல் முடிந்த செயலைவிட நினைவில் நன்கு தங்குகிறது என்று உளவியலாளர் ப்ளூமா ஜைகார்னிக் 1927இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இதை ஒரே அளவில் உறுதிசெய்யவில்லை. எனினும், வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்த எவருக்கும் இதைச் சொல்லித்தர உளவியலாளர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

காத்திருப்பு என்னும் தடை

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சக்திமானுக்கு அடிமையாக இருந்த சிறுவனால்கூட வாரத்தில் ஒருநாள்தான் அதைப் பார்க்க முடிந்தது. 1990களின் பிற்பகுதியில் நாகா இயக்கத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ தமிழ் வீடுகளை அச்சுறுத்தியபோதும் இதே நிலைதான். ஆர்வம் எவ்வளவு பெருகினாலும், நிகழ்ச்சி நிரல் அதற்கு அணை போட்டிருந்தது. இடைப்பட்ட ஆறு நாள்களும் பள்ளியில், பேருந்தில், குழாயடியில் கதையைப் பற்றிப் பேசுவதில் கழிந்தன.

2013 பிப்ரவரி 1 அன்று நெட்பிளிக்ஸ் நிறுவனம் ‘ஹவுஸ் ஆப் கார்ட்ஸ்’ தொடரின் முதல் பருவத்தின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. அணை உடைந்தது. ஒரு பகுதி முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாகத் தொடங்குவதால், பார்ப்பதற்கு முடிவெடுக்க வேண்டியதில்லை. நிறுத்துவதற்குத்தான் முடிவெடுக்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு அந்த முடிவை எடுப்பது எளிதன்று.

இதை நோய் என்று அழைக்கலாமா? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. தொடர் பார்ப்பது தனிக் கோளாறாக இடம்பெறவில்லை. விடுமுறையில் ஒரு பருவத்தை ஒரே மூச்சில் பார்த்து முடிப்பவரை நோயாளி எனச் சொல்வது மிகை. ஆயினும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிகிச்சைப் பிரிவுக்கு, வேலையில்லாத இளைஞர் ஒருவர் நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் இணையத் தொடர்களில் மூழ்கிய நிலையில் வந்ததாக 2018இல் செய்தி வெளியானது. வாழ்க்கைச் சிக்கல்களை மறக்கவே அவர் தொடர்களை நாடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

குழந்தைகள் விஷயத்தில் கவலை வேறு வகையானது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என நம்பிச் சிறார் சிலர் ஆபத்தில் சிக்கியதாக 1990களின் இறுதியில் செய்திகள் வந்தன. தொடருக்கும் அச்சம்பவங்களுக்கும் தொடர்பில்லை என்று சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா மறுத்தார். எது எப்படியிருப்பினும், சிறு குழந்தைக்குக் கதையும் நடப்பும் ஒன்றாகத் தெரியக்கூடும் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. பறக்கும் காட்சி கயிற்றாலும் கணினியாலும் உருவாவதை அருகில் அமர்ந்து விளக்கிச் சொல்லலாம். தானாக அடுத்த பகுதி ஓடும் வசதியைச் செயலியின் அமைப்பில் அணைத்து வைக்கலாம். பகுதி முடியும் இடத்தில் நிறுத்துவதைவிட, அடுத்த பகுதியின் தொடக்கச் சிக்கல் தீர்ந்தவுடன் நடுவில் நிறுத்துவது எளிது; தூண்டில் எப்போதும் கடைசி நிமிடத்தில்தான் இருக்கிறது.

திரையிலிருந்து விலக இயலாத சிறாருக்காகக் கேரளக் காவல் துறை ‘டி-டாட்’ என்ற பெயரில் உளவியல் ஆலோசனை மையங்களை நடத்துகிறது. திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் ஆகிய நகரங்களில் இவை இயங்குகின்றன.

நீலியோ இன்னும் ஓயவில்லை. 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’ திரைப்படத்தில், கல்யாணி பிரியதர்ஷன் நடிப்பில் அவள் அதீத சக்தி நாயகியாகவே மாறிவிட்டாள். தலைப்பிலேயே ‘அத்தியாயம் 1’ என்று இருப்பதை ரசிகர்கள் கவனிக்கத் தவறவில்லை.